கல்லெறிந்த தெருவும் கஞ்சி கொடுத்த வீடும்

யாழ்ப்பாணத்தார் கொழும்புக்குப் போவதென்றால் வழக்கு, வேலை, கண் வைத்தியர், கலியாணம் என்று ஏதாவது காரணம் இருக்கும். எனக்கு அப்படி ஒன்றும் இருக்கவில்லை. 1937 ஓகஸ்ட் விடுமுறை. பள்ளிக்கூடம் பூட்டியாயிற்று. வெள்ளவத்தையில் இருக்கும் அக்கா வீட்டில் இரண்டு கிழமை சாப்பிட்டு, தூங்கி, கடலில் கால் நனைத்துவிட்டு வருவோம் என்றுதான் புறப்பட்டேன். அங்கே போய் மோர்மன் சபையின் சரித்திரத்துக்குள் விழுவேன் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். மோர்மன் என்ற சொல்லையே அதற்கு முன் ஒருமுறையோ இருமுறையோதான் கேட்டிருந்தேன்.

போகிறவர்களுக்காக முதலில் வழியைச் சொல்லிவிடுகிறேன். யாழ்ப்பாணத்தில் மாலை மெயில் ரயில் ஏறினால் விடியக் கொழும்பு. ஏறத்தாழ இருநூற்றைம்பது மைல். மூன்றாம் வகுப்பில் பெண்கள் பெட்டி இருக்கிறது, ஆனால் அனுராதபுரத்துக்குப் பிறகு அது பெண்கள் பெட்டி என்பதை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். மருதானையில் இறங்கிக் கரையோர ரயிலுக்கு மாற வேண்டும். வலப்பக்கம் இருங்கள். கோட்டை தாண்டியதும் கடல் ஜன்னலுக்கே வந்துவிடும். அலை பெரிதாக இருக்கும் நாட்களில் முகத்தில் உப்புத் தெறிக்கும். வெள்ளவத்தை நிலையத்தில் இறங்கினால் ஒரு பக்கம் மணல், மறுபக்கம் காலி வீதிக்குப் போகும் ஒழுங்கைகள். அக்கா வீடு அப்படி ஓர் ஒழுங்கையில்தான். பெட்டி தூக்கப் பதினைந்து சதம் கேட்பார்கள். பத்துக் கொடுத்தாலும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

வந்த மூன்றாம் நாள் அத்தான் ஒரு செய்தியோடு வேலையால் வந்தார். அவர் கோட்டையில் ஒரு கப்பல் கொம்பனிக் கந்தோரில் தலைமை லிகிதர். அவுஸ்திரேலியாவிலிருந்து வந்த ஓர் அமெரிக்கப் பெண்மணி அடுத்த கப்பலுக்காகக் கொழும்பில் காத்திருக்கிறாராம். நகரத்தின் வடக்கே கொட்டாஞ்சேனையில் கொஞ்சம் விசாரிக்க வேண்டுமாம். தமிழும் ஆங்கிலமும் தெரிந்த ஒரு பெண் துணைக்கு வேண்டுமாம்.

“அமெரிக்க மிசன் பள்ளிக்கூடத்தில படிச்ச மச்சாள் ஒராள் எங்கட வீட்டில நிக்கிறா எண்டு சொல்லிப்போட்டன். அந்த அமெரிக்க அம்மாவின்ர இங்கிலீசு உமக்கு விளங்கும்தானே,” என்றார் அத்தான்.

“என்னைக் கேக்காமலே சொல்லிப்போட்டியள்,” என்றேன். அடுத்த நாள் மத்தியானச் சாப்பாட்டுக்கே அந்தப் பெண்மணி வந்துவிட்டார்.

மிஸ் எலன் என்று அழைக்கச் சொன்னார். அறுபது வயதிருக்கும். உயரம், நரைத்த தலை, வெயிலில் சிவந்த மூக்கு. யூட்டா என்ற மலைநாட்டில் முப்பது வருடம் சரித்திரம் படிப்பித்து ஓய்வு பெற்றவர். நானும் அதே பாடம் படிப்பிக்கிறவள் என்றதும் கதிரையை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். இடியப்பத்தையும் சொதியையும் கரண்டியால் துரத்தித் துரத்திச் சாப்பிட்டுக்கொண்டே வந்த காரணத்தைச் சொன்னார்.

மோர்மன் என்பது நூறு வருடங்களுக்கு முன் அமெரிக்காவில் தோன்றிய ஒரு கிறிஸ்தவ சபை. தொடங்கிச் சில காலத்துக்குள்ளேயே அவர்கள் உலகமெங்கும் போதகர்களை அனுப்பினார்கள். அப்படி எண்பது வருடங்களுக்கு முன் இலங்கைக்கு வந்தவர்களில் ஒருவர் மிஸ் எலனின் பாட்டனார் தோமஸ். கூட இன்னொருவரும் வந்தார். இருவரும் கொழும்பில் கொஞ்சக் காலம் இருந்து, ஆள் சேராமல் திரும்பிப் போனார்கள். இதுவரை சிக்கல் இல்லை.

சிக்கல் இரண்டு பேரும் எழுதிவைத்ததில் இருந்தது. ஊர் திரும்பியதும் தோமஸ் சபைப் பத்திரிகைக்கு எழுதினார்: கொட்டாஞ்சேனைத் தெருவில் கல்லடி பட்டோம், அந்தப் பட்டினத்தில் ஒரு கதவும் எங்களுக்குத் திறக்கவில்லை. கூட வந்தவர் முதுமையில் தன் மகளுக்குச் சொல்லி எழுதுவித்தது வேறு கதை: தோமஸ் காய்ச்சலில் விழுந்தார், ஒரு விதவை தன் வீட்டில் வைத்துப் பார்த்தாள், மழை விட்ட பிறகு ஒரு விடியற்காலையில் கடலில் ஓர் ஆளுக்கு ஞானஸ்நானமும் கொடுத்தார்.

“என் சகோதரன் குடும்ப வரலாறு எழுதுகிறான். பாட்டனாரின் சொல்லே முடிவு என்கிறான். கல்லடி கதை மட்டும்தான் அச்சில் வரப் போகிறது,” என்றார் மிஸ் எலன். “எனக்கு அந்த விதவை வேண்டும்.”

“உங்கள் சபை சரித்திரத்தில் இப்படி நடப்பதுண்டா?” என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். “தொடக்கத்திலேயே உண்டு. எங்கள் சபையை நிறுவியவர் சிறுவயதில் காட்டுக்குள் போய்ச் செபித்தபோது கண்ட தரிசனத்தைப் பல தடவை சொல்லியிருக்கிறார். ஒன்றில் தேவதூதர்கள், இன்னொன்றில் கடவுளே நேரில். அப்போது அவருக்கு எத்தனை வயது என்பதுகூட எல்லா இடத்திலும் ஒத்துப்போகாது. பிறகு எழுதுவினைஞர்கள் மற்றவர்களுடைய குறிப்புகளை எடுத்து, ‘அவர்’ என்பதை ‘நான்’ என்று மாற்றி, அவரே எழுதியது போல் சரித்திரத்தில் சேர்த்தார்கள். என் சகோதரனிடம் இதைச் சொன்னால் சாப்பாட்டு மேசையை விட்டு எழுந்து போய்விடுவான். நான் விசுவாசிதான். ஆனால் பிள்ளைகளின் விடைத்தாள் திருத்திய கண்ணைக் கழற்றி வைக்க முடியவில்லை.”

அத்தான் இரண்டாவது கதையின் தட்டச்சுப் பிரதியை வாங்கிப் பார்த்தார். ஓரிடத்தில் நின்றார். பிறகு தயங்கித் தயங்கி ஆங்கிலத்தில் சொன்னார். அந்த வீட்டு வாசலில் இருந்து அலையைத் தடுக்கக் கடலுக்குள் கட்டிய துறைமுகக் கல்லணைக்குள் கப்பல்கள் நிற்பதைப் பார்த்ததாக அதில் எழுதியிருந்தது. அந்தக் காலத்தில் கொழும்பில் கல்லணையே இல்லை. அது கட்டத் தொடங்கியது இருபது வருடங்களுக்குப் பிறகு.

மிஸ் எலன் கரண்டியை வைத்தார். அதோடு இன்னொன்றும் அவரே சொன்னார். தோமஸ் காய்ச்சலில் கிடந்ததாகச் சொல்லப்படும் நாட்களில் கூட வந்தவர் கப்பல் பார்க்கக் காலிக்குப் போய்விட்டார். ஆகவே அவர் எதையும் கண்ணால் காணவில்லை. கண்டவர் இல்லை என்கிறார், காணாதவர் உண்டு என்கிறார். காணாதவரின் கதையில் பிழையும் இருக்கிறது. என் மாணவி ஒருத்தி இந்த நிலையில் விதவையை நம்பினால் நான் சிவப்பு மையால் கோடு போட்டிருப்பேன்.

“அப்ப ஏன் போறியள்?” என்று அக்கா தமிழில் என்னைக் கேட்டார். அதை மொழிபெயர்த்தேன்.

“இவ்வளவு தூரம் வந்துவிட்டேனே,” என்றார் மிஸ் எலன்.

மறுநாள் காலை காலி வீதியில் பஸ் ஏறினோம். வெள்ளவத்தையில் இருந்து கோட்டைக்குச் சுமார் ஐந்து மைல். எந்தக் கொம்பனி பஸ் முன்னால் வந்தாலும் ஏறிவிடுங்கள், ஒன்றையொன்று முந்திக்கொண்டு ஓடுவதால் சீக்கிரம் போய்விடலாம், உயிர்ப் பயம் இல்லாவிட்டால். கோட்டையிலிருந்து கிராண்ட்பாஸ் ட்ராம். புறக்கோட்டைச் சந்தடிக்குள் அது மணி அடித்து அடித்து ஊர்ந்து போகும். மிஸ் எலனுக்கு அந்த ட்ராம் மிகவும் பிடித்துவிட்டது. கருவாடு, மிளகாய்த்தூள், தார் என்று மாறி மாறி வரும் மணங்களை ஒவ்வொன்றாக என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார்.

இறங்கியதும் செய்த பிழையைச் சொல்கிறேன், நீங்கள் செய்யாமல் இருக்க. றிக்‌ஷாக்காரரிடம், “முந்தி ஒரு வெள்ளைக்காரப் பாதிரி தங்கியிருந்த வீடு” என்றேன். அவர் தலையாட்டிவிட்டு எங்களை மேட்டில் ஏற்றி, ஒல்லாந்தர் கட்டிய பழைய கிறிஸ்தவக் கோவில் வாசலில் இறக்கினார். “வெள்ளைக்காரச் சாமி எல்லாம் இங்கதான் அம்மா இருக்காங்க,” என்று கல்லறைகளைக் காட்டினார். சொன்னதில் பிழை இல்லை. எல்லோரும் வரிசையாகப் படுத்திருந்தார்கள். வந்ததற்கு அந்தக் கோவிலைச் சுற்றிப் பார்த்தோம். சுவரின் குளிர்மைக்காகவே ஒருமுறை போகலாம்.

அங்கிருந்து நடந்தே ஜிந்துப்பிட்டிக்கு இறங்கினோம். முருகன் கோவிலடியில் பூசை முடிந்து சனம் கலைந்துகொண்டிருந்தது. எதிரே கயிறும் சாயமும் விற்கும் ஒரு கடை. அதன் முதலாளி, தொப்பி போட்ட வயதான முஸ்லிம், மிஸ் எலன் இருப்பதற்கு உடனே ஒரு வாங்கை இழுத்துப் போட்டார். நான் இந்த முறை கவனமாகக் கேட்டேன். பாதிரி என்று தொடங்காமல், கல்லெறி என்று தொடங்கினேன்.

“கல்லடி பட்ட தொரையிட கதயா? அது தெரிஞ்ச கததானே,” என்றார் அவர். “எங்கட வாப்பா சொல்லி ஈக்கிறாரு. அவர உள்ள எடுத்து வச்ச ஊட்டு ஆக்கள் இப்பவும் கொட்டாஞ்சேனையிலதான் ஈக்கிறாங்க. வேதக்காரங்க. பெரிய கோயிலுக்குப் பின்னால போய்க் கேளுங்க, காட்டுவாங்க.”

மொழிபெயர்த்தேன். மிஸ் எலன் வாங்கில் இருந்தபடியே என் கையைப் பிடித்தார்.

கொட்டாஞ்சேனையில் கத்தோலிக்கரின் பெரிய கோவில் கும்மட்டம் எந்த ஒழுங்கையில் நின்றாலும் தெரியும், ஆகவே வழி தவறாது. அந்த வீடு சிறியது. கறுப்புச் சேலை உடுத்த ஒரு பெண்மணி கதவைத் திறந்தார். திரேசம்மா என்று வைத்துக்கொள்வோம். அறுபது தாண்டியவர், கணவர் துறைமுகத்தில் வேலை செய்து இறந்தவர், இளைய மகன் சாமியாராவதற்குக் குருமடத்தில் படிக்கிறான். எங்களை உள்ளே அழைத்து இருத்தி, கோப்பி கொண்டுவந்து வைத்த பிறகுதான் என்ன விசயம் என்று கேட்டார்.

நான் சொல்லச் சொல்ல அவர் மிஸ் எலனின் நெற்றியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அவருக்கு இங்கதான் பட்டது,” என்று தன் இடப்புருவத்துக்கு மேல் தொட்டுக் காட்டினார். “எங்கட ஆக்கள்தான் எறிஞ்சது. பொய் சொல்லக் கூடாது. புது வேதம் கொண்டு வந்திட்டான் எண்டு தெருவில நிண்டு எறிஞ்சாங்க. ஓடி வந்து இந்த வாசல்ல விழுந்தார். அப்ப இது ஓலை வீடு. எங்கட அம்மாவின்ர பெரியம்மா, அன்னம்மா எண்டு பேர், புருசன் இல்லை, பிள்ளை இல்லை. அவதான் இழுத்து உள்ள போட்டுக் கதவைச் சாத்தினவ. அம்மாவுக்கு அப்ப எட்டோ ஒன்பதோ வயசு. கண்ணால கண்டவ.”

“வெளியே நின்றவர்கள் அவவை ஒன்றும் சொல்லவில்லையா?”

“சொன்னாங்க. ஒரு மாசம் அவவோட ஒருத்தரும் கதைக்கயில்லை. அவ காதில விழாத மாதிரி இருந்தவ. மழை விடுமட்டும் கொத்தமல்லித் தண்ணியும் கஞ்சியும் குடுத்துப் பாத்தவ.”

இதை ஆங்கிலத்தில் சொல்லி முடித்தபோது மிஸ் எலன் கைப்பையைத் திறந்து பேனாவை எடுத்திருந்தார். “கடல்,” என்றார். “கடலைப் பற்றிக் கேளுங்கள்.”

கேட்டேன். திரேசம்மா கோப்பிக் கோப்பைகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கத் தொடங்கினார்.

“அதை வெளியில சொல்லுறதில்லை, பிள்ளை.”

“சொல்ல விருப்பம் இல்லாட்டி விடுங்கோ, அம்மா.”

“விருப்பம் இல்லாமல் இல்லை. அவரிட பேத்தி கேக்கிறா. ஆனா இவங்க எழுதுற ஆக்கள். ஒண்டு சொன்னா அன்னம்மாவிட பேரையும் எழுதித் தங்கட சபைக் கணக்கில சேத்துப் போடுவாங்க. அவ எங்கட ஆள். எங்கட சேமக்காலையிலதான் அடக்கம் பண்ணிக் கிடக்கிறா. அவவைக் கொண்டுபோகப்படாது.” பேனாவைப் பார்த்தார். “அதை உள்ள வைக்கச் சொல்லும். எழுதயில்லை எண்டு சொன்னா, நான் சொல்லுறன்.”

நிபந்தனையை மொழிபெயர்ப்பது எனக்குச் சங்கடமாக இருந்தது. உலகத்தின் மறுபக்கத்திலிருந்து ஒருவர் ஒரு வரிக்காக வந்திருக்கிறார். கேட்டால் எழுத முடியாது, எழுத வேண்டுமென்றால் கேட்க முடியாது. சொன்னேன். மிஸ் எலன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வெளியே ஒருவன் சிங்களத்தில் மீன் கூவிக்கொண்டு போனான். அவன் குரல் ஒழுங்கை முடிவில் மங்கும்வரை அவர் அப்படியே இருந்தார். பிறகு பேனாவைப் பைக்குள் போட்டு, பையைப் பூட்டி, என் மடியில் வைத்தார்.

திரேசம்மா சொன்னார். காய்ச்சல் விட்டு எழும்பி நடக்கத் தொடங்கியதும், உங்களுக்கு நான் என்ன கைமாறு செய்வேன் என்று தோமஸ் சைகையிலும் அரைகுறைத் தமிழிலும் கேட்டார். ஒன்றும் வேண்டாம் என்றார் அன்னம்மா. அப்படியென்றால் ஞானஸ்நானம் தருகிறேன் என்றார் அவர். எனக்குக் குழந்தையிலேயே கொடுத்தாயிற்று, ஒரு ஆளுக்கு எத்தனை தரம் என்றார் இவர். தோமஸ் அதற்குப் பிறகு கேட்கவில்லை. புறப்படுவதற்கு முதல் நாள் சுவரைப் பார்த்துத் திரும்பி இருந்து அழுதார்.

“பெரியம்மாவுக்குப் பொறுக்கயில்லை,” என்றார் திரேசம்மா. “‘எத்தனை கடல் தாண்டி வந்தான், ஒரு ஆள் இல்லாமல் போறானே, ஊரில என்ன சொல்லுவான்’ எண்டு அம்மாட்டச் சொன்னவவாம். விடிய வெள்ளாப்பில அவரைக் கூட்டிக்கொண்டு முகத்துவாரப் பக்கம் போனவ. அம்மாவும் பின்னால போனவ. கடலுக்குள்ள இறங்கி, ‘சரி, முக்கும்’ எண்டவ. அவர் முக்கினார். வந்து சேலையை மாத்திக்கொண்டு நேர கோயிலுக்குப் போய், செய்ததைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தவ. சாமியார் நல்லா ஏசினாராம். அவ சொன்னவவாம், ‘சாமி, எனக்கு நனைஞ்சது சேலை மட்டும்தான்’ எண்டு.”

இதை ஆங்கிலத்தில் சொன்னேன். மிஸ் எலன் முதலில் சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர் கண்ணாடியைக் கழற்றி முகத்தை மூடிக்கொண்டார். திரேசம்மா எழுந்து அவர் பக்கத்தில் இருந்து முதுகைத் தடவிக் கொடுத்தார். இரண்டு பேருக்கும் இடையில் அந்த நேரம் மொழிபெயர்க்க ஒன்றும் இருக்கவில்லை.

விடைபெறும்போது திரேசம்மா பாட்டனாரின் பேரைக் கேட்டார். தங்கள் வீட்டில் அது யாருக்கும் தெரியாதாம், தொரை என்றுதான் சொல்வார்களாம். தோமஸ் என்றேன். இதைப் பற்றி நான் தமிழில் ஒரு பத்திரிகைக்கு எழுதலாமா என்றும் கேட்டேன். “பேரை மாத்திப் போடும். தமிழில எழுதினா அவங்க வாசிக்கப் போறாங்களே,” என்றார். அப்படித்தான் மாற்றியிருக்கிறேன், வீட்டு அடையாளத்தையும் சேர்த்து.

திரும்பவும் ட்ராம் ஏறினோம். புறக்கோட்டையில் ட்ராம் ஒரு மாட்டு வண்டிக்காக நின்றது. மிஸ் எலன், “தம்பிக்கு இப்படி எழுதப் போகிறேன்,” என்று ஒரு வாக்கியத்தை மெதுவாகச் சொன்னார்: “கொட்டாஞ்சேனையில் ஒரு வீட்டார் மழை முடியும்வரை அவரைக் கவனித்துக்கொண்டார்கள். அவர்கள் பெயர் தெரியவில்லை. ஞானஸ்நானம் நடந்ததற்கு ஆதாரம் கிடைக்கவில்லை.”

“தெரியுமே,” என்றேன்.

“தெரியும்.”

“கிடைத்ததே.”

“கிடைத்தது.” அவர் வெளியே பார்த்தார். “பாட்டனாரும் அந்தப் பத்திரிகைக்கு எழுத உட்கார்ந்தபோது…” என்று தொடங்கினார், முடிக்கவில்லை. வண்டி விலகி ட்ராம் நகர்ந்தது.

நான் பத்து வருடமாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிவருவது: இரண்டு ஏடுகள் முரண்பட்டால் ஒருவர் மறந்திருப்பார், அல்லது பொய் சொல்லியிருப்பார், அல்லது கேட்டதை எழுதியிருப்பார். அன்று ட்ராமில் என் பக்கத்திலேயே ஒரு முரண்பாடு உருவாகிக்கொண்டிருந்தது. அதில் மறதியும் இல்லை, வஞ்சகமும் இல்லை. நாளைக்கு யாராவது அந்தக் குடும்ப வரலாற்றையும் இந்தக் கட்டுரையையும் அருகருகே வைத்துப் பார்த்தால் தலையைச் சொறிவார்கள். தோமஸும் அன்னம்மாவைக் காப்பதற்காகத்தான் ஒரு கதவும் திறக்கவில்லை என்று எழுதினாரா? அவள் இரக்கப்பட்டுத்தான் கடலில் இறங்கினாள் என்பது விளங்கி, வெட்கத்தால் எழுதாமல் விட்டாரா? தெரியாது. கல்லணையைப் பற்றியும் தெரியாது. கூட வந்த மற்றக் கிழவருக்குக் கொழும்புத் துறைமுகப் படம் போட்ட தபாலட்டையை யாராவது காட்டியிருக்கலாம். எல்லாவற்றுக்கும் விடை கிடைக்காத பயணம்தான், ஆனாலும் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. மிஸ் எலனும் அன்று மாலை அக்கா வீட்டில் மூன்று தட்டு இடியப்பம் சாப்பிட்டார், கையால். இரண்டு நாள் கழித்துக் கப்பல் ஏறினார்.

உங்களில் யாராவது இப்படிப் பழைய கதை தேடிக் கொட்டாஞ்சேனைக்குப் போவதாக இருந்தால், காலையில் வெயில் ஏறுமுன் போங்கள். ட்ராமில் பத்துச் சதத்துக்குள் முடியும். றிக்‌ஷா ஏறினால் இடத்தின் பேரைச் சொல்லுங்கள், கதையைச் சொல்லாதீர்கள். பழைய கடைகளில் விசாரியுங்கள், வாங்கப் போவது போல் நடிக்க வேண்டாம், வெறுமனே கேட்டாலே சொல்வார்கள். ஞாயிறு காலையில் ஒருவரும் வீட்டில் இருக்க மாட்டார்கள், பூசைக்குப் போயிருப்பார்கள். கோப்பி தந்தால் குடித்து முடித்த பிறகு கேள்வியைத் தொடங்குங்கள். உண்மையா என்று கேட்காதீர்கள். உங்கட வீட்டில இதை எப்படிச் சொல்லுவீங்க என்று கேளுங்கள்.

ஊருக்குத் திரும்புவதற்கு முதல் நாள், அக்கா செய்த பயத்தம் பணியாரத்தைக் கொடுக்கத் திரேசம்மா வீட்டுக்கு இன்னொரு தரம் போனேன். மிஸ்ஸி சுகமாகப் போய்ச் சேர்ந்துவிட்டாவா என்று விசாரித்தார். கப்பல் இன்னும் கடலில்தான் என்றேன்.

“நேத்து அவருக்கு ஒரு பூசை குடுத்தனான்,” என்றார்.

“ஆருக்கு?”

“அந்தத் தொரைக்குத்தான். அவரிட ஆன்மா இளைப்பாற. சாமியார் பேரை வாசிச்சவர்.”

“அவர் உங்கட வேதம் இல்லையே, அம்மா.”

திரேசம்மா பணியாரத்தைத் தட்டில் கொட்டிவிட்டு, பாத்திரத்தைக் கழுவ எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

“தோமஸ்தானே பேர்,” என்றார் அங்கிருந்து. “சாமியார் வேற ஒண்டும் கேக்கயில்லை.”